கிரியூசா என்றால் எந்தக் கிரியூசா? கிரேக்கத் தொன்மத்தில் ஒரே பெயர் கொண்ட பெண்கள்

பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் மூன்று மகேஸ்வரிகள் இருந்தால் ஆசிரியர் தடுமாறுவதில்லை. கே. மகேஸ்வரி, எஸ். மகேஸ்வரி, ஆர். மகேஸ்வரி என்று இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுவார். இருவருக்கு இனிஷியலும் ஒன்றாகிவிட்டால் ஊர்ப் பெயரோ தெருப் பெயரோ முன்னால் வந்து நிற்கும். கிரேக்கத் தொன்மக் கதைகளைத் தமிழில் சொல்லும்போது இந்த இனிஷியலைத்தான் நாம் பெரும்பாலும் தவறவிடுகிறோம். மெடியா அனுப்பிய நஞ்சாடையால் எரிந்துபோன கிரியூசா என்று ஓரிடத்திலும், டிராய் நகரம் எரிந்த இரவில் காணாமல்போன கிரியூசா என்று வேறோரிடத்திலும் படிப்பவர், ஒரே பெண் இரண்டு நெருப்பில் அகப்பட்டாளா என்று குழம்புவதில் வியப்பில்லை. படிக்கத் தொடங்கிய காலத்தில் நானும் இருவரையும் குறிப்பேட்டில் ஒரே தலைப்பின் கீழ் எழுதி வைத்து, கொரிந்தில் இருந்தவள் டிராய்க்கு எப்போது போனாள் என்று ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருந்தேன்.

இந்தக் குழப்பத்துக்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. கிரேக்கர்களுக்குப் பெயர்ப் பஞ்சம் என்பது ஒன்று. ஒரே பழங்கதைதான் ஊருக்கு ஊர் திரிந்து இப்படிப் பல பெண்களாகத் தெரிகிறது என்பது மற்றொன்று. இரண்டும் மேம்போக்கான விடைகள். அந்தப் பெயர்கள் எப்படி உண்டாயின, யார் எப்போது வைத்தார்கள் என்று பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது.

## கிரியூசா என்ற சொல்லின் பொருள்

பாட்டி கதை சொல்லும்போது ‘ஒரு ஊரில் ஒரு ராஜா, அந்த ராஜாவுக்கு ஒரு மகள்’ என்றுதான் தொடங்குவார். ராஜா மகளுக்கு என்ன பெயர் என்று குழந்தை நச்சரித்தால், ‘ராஜகுமாரிதான் பேரு’ என்று சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்வார். கிரேக்கக் கதைகளில் நடந்ததும் பெரும்பாலும் இதுவே. பண்டைக் கிரேக்கத்தில் ‘கிரியான்’ என்றால் ஆள்பவன் என்று பொருள். அதன் பெண்பால் வடிவம் ‘கிரியூசா’, அதாவது ஆள்பவள், அரசி. கொரிந்து நகரத்து அரசனின் பெயர் கிரியான், அவன் மகள் கிரியூசா என்று படிக்கும்போது, அரசன் என்ற பெயருடைய அரசனுக்கு அரசி என்ற பெயருடைய மகள் இருந்தாள் என்றே படிக்கிறோம். தீப்ஸ் நகரத்துக் கதையிலும் ஓர் அரசன் கிரியான் என்ற பெயரோடு வருகிறான்; அவன் வேறு, இவன் வேறு.

ஒருவரின் நிலையையோ தொழிலையோ குணத்தையோ சுட்டி வைக்கப்படும் பெயரைத் தமிழ் இலக்கணம் காரணப்பெயர் என்கிறது. தொன்மங்களின் துணைப்பாத்திரங்கள் பலருக்கு அமைந்தவை இத்தகைய பெயர்களே. அரசியாக வர வேண்டிய இடங்கள் எத்தனையோ அத்தனை கிரியூசாக்கள் தோன்ற வாய்ப்பு உண்டு. நன்கு அறியப்பட்டவர்கள் நால்வர்.

## ஏதென்ஸ், கொரிந்து, டிராய், பின்னர் ஓர் ஆறு

முதலாமவள் ஏதென்ஸ் அரசன் எரெக்தியஸின் மகள். யூரிபிடிஸ் எழுதிய ‘அயான்’ நாடகத்தின் நாயகியும் இவளே. அக்ரோபோலிஸ் குன்றின் அடிவாரத்துக் குகையில் அப்பொல்லோ தேவன் இவளைப் பலவந்தப்படுத்துகிறான். பிறந்த குழந்தையை யாருக்கும் தெரியாமல் ஒரு கூடையில் வைத்து அதே குகையில் விட்டுவிடுகிறாள். குழந்தை, அப்பொல்லோ குறிசொல்லும் டெல்ஃபி கோயிலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வாசலைப் பெருக்கிப் பறவைகளை விரட்டும் கோயில் ஊழியனாக வளர்கிறது. பல ஆண்டுகளுக்குப் பின், சூத்தஸ் என்பவனை மணந்து பிள்ளையில்லாமல் குறிகேட்க வந்த கிரியூசா, அந்த இளைஞன் தன் கணவனுக்கு வேறெங்கோ பிறந்தவன் என்று எண்ணி, அவன் குடிக்கும் கிண்ணத்தில் நஞ்சு கலக்க ஏற்பாடு செய்கிறாள். அவன் தரையில் ஊற்றிய மதுவைக் குடித்த புறா துடித்துச் சாகவே சதி வெளிப்படுகிறது.

அதன் பின்வரும் காட்சி நம் பொருளுக்கு மிகவும் நெருக்கமானது. கோயில் பூசாரிணி பழைய கூடையை எடுத்து வருகிறாள். அதைக் கண்டதும் தான்தான் தாய் என்கிறாள் கிரியூசா. இளைஞன் எளிதில் நம்பவில்லை. உள்ளே இருப்பதைப் பார்க்காமலே சொல் என்கிறான். அவள் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள்: கன்னிப் பருவத்தில் தான் நெய்து பழகிய, முற்றுப்பெறாத துணி, அதன் நடுவில் கோர்கன் என்ற பாம்புமுடி அரக்கியின் முகம், ஓரமெல்லாம் பாம்புகள், பொன்னில் செய்த பாம்பு அணிகள், இன்னும் வாடாத ஆலிவ் இலை மாலை. துணி, அணி, மாலை மூன்றும் சரியாக இருக்கின்றன. தாயும் மகனும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது பெயரால் அல்லாமல் அடையாளப் பொருள்களால்தான் நடக்கிறது. ஒரே பெயர் கொண்ட பெண்களைப் பிரித்தறிய வேண்டிய வாசகருக்கும் இந்தக் கூடைச் சோதனையே ஏற்ற வழி.

இரண்டாமவள் கொரிந்து இளவரசி. மெடியாவைக் கைவிட்ட ஜேசன் மணக்க முற்படும் பெண். யூரிபிடிஸின் ‘மெடியா’ நாடகம் கி.மு. 431-இல் அரங்கேறியது. அதில் இந்தப் பெண் மேடைக்கு வருவதே இல்லை. அவள் இறந்த விதத்தைத் தூதன் வந்து விவரிக்கிறான். மெடியா அனுப்பிய மெல்லிய ஆடையை உடுத்தி, பொன் மகுடத்தைத் தலையில் வைத்து, கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டு, அறையில் அங்குமிங்கும் நடந்து, ஆடை குதிகாலில் எப்படி விழுகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள் என்கிறான். அடுத்த கணம் நிறம் மாறி விழுகிறாள். இவ்வளவு நெருக்கமாகக் காட்டப்படும் இந்தப் பெண்ணுக்கு அந்த நாடகத்தில் பெயரே கிடையாது. நாடகம் முழுவதும் அவள் அரசன் மகள், மணப்பெண், அவ்வளவுதான். கிரியூசா என்ற பெயர் பிற்கால எழுத்தாளர்களால் வந்து சேர்ந்தது, கி.பி. முதல் நூற்றாண்டில் செனிகா லத்தீனில் எழுதிய நாடகத்தில் அவள் கிரியூசாவாகவே வருகிறாள்.

மூன்றாமவள் டிராய் அரசன் பிரியாமின் மகள், ஏனியாஸின் மனைவி. வர்ஜிலின் ‘ஏனியட்’ காவியத்தின் இரண்டாம் காண்டத்தில் நகரம் பற்றி எரிகிறது. ஏனியாஸ் கிழத் தந்தையைத் தோளில் சுமக்கிறான், மகனின் கையைப் பிடித்துக்கொள்கிறான், மனைவியைச் சற்றுப் பின்னால் தள்ளி வரச் சொல்கிறான். ஊருக்கு வெளியே வந்து பார்த்தால் அவளைக் காணவில்லை. மறுபடி எரியும் தெருக்களுக்குள் ஓடிச்சென்று ‘கிரியூசா, கிரியூசா’ என்று கூவித் தேடுகிறான். அவளுடைய நிழலுருவம் தோன்றி, தேவர்களின் பெருந்தாய் தன்னை இங்கேயே நிறுத்திக்கொண்டாள் என்று சொல்லி விடைபெறுகிறது. மூன்று முறை அணைக்க முயல்கிறான், மூன்று முறையும் கை வெறுமையாகிறது.

நான்காமவளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெனியஸ் ஆற்றுத் தேவனின் துணைவியாகிய நீர்ப்பெண் அவள். கி.மு. 474-இல் வென்ற ஒரு விளையாட்டு வீரனைப் போற்றி கவிஞர் பிண்டார் பாடிய ஒன்பதாம் பிதியப் பாடலில் (டெல்ஃபி விளையாட்டு வெற்றிப் பாடல்களில் ஒன்று), சிங்கத்தோடு மல்லுக்கு நின்ற சைரீனியின் பாட்டியாக ஓரிரு அடிகளில் வந்து போகிறாள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், கிரியூசா என்ற பெயர் பதவியைச் சொல்கிறது. ஆளைச் சொல்வது தந்தையும் கணவனும் ஊரும் கதையும். எரெக்தியஸ் மகள், கிரியான் மகள், பிரியாம் மகள், பெனியஸ் துணைவி என்று உறவைச் சேர்த்துவிட்டால் நால்வரும் தனித்தனியே நிற்பார்கள்.

## பெயரில்லாதவளுக்குப் பெயர் வந்த வழி

தமிழின் அகப்பாடல்களில் காதலரின் இயற்பெயரைச் சொல்லக் கூடாது என்பது மரபு. தலைவி என்றால் போதும், கவிதை நடக்கும். கிரேக்கக் கதைத் தொகுப்பாளர்களுக்கு அது போதவில்லை. ஓர் அரசகுலத்தின் வரலாறு எழுத வேண்டுமானால் மகனுக்குத் தாய் வேண்டும், தாய்க்குப் பெயர் வேண்டும், அவளுக்கு ஒரு தந்தையும் வேண்டும். இவ்வாறு பல நூல்களிலும் வாய்மொழியிலும் கிடந்த கதைகளைத் திரட்டி வரிசைப்படுத்தி எழுதியவர்களைத் தொன்மத் தொகுப்பாளர்கள் என்கிறோம். கி.பி. 1 அல்லது 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும், அப்பொல்லோடோரஸ் பெயரில் வழங்கும் ‘நூலகம்’ இவ்வகையில் நமக்குக் கிடைத்துள்ள முக்கியமான தொகுப்பு.

டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தில், அக்கிலிஸுக்கும் அகமெம்னனுக்கும் மூளும் சண்டைக்கே காரணமான பிரிசெயிஸ், கிரிசெயிஸ் என்ற இரு சிறைப்பெண்களை எடுத்துக்கொள்வோம். இவை இயற்பெயர்களைப் போல ஒலித்தாலும், பிரிசியஸின் மகள், கிரிசஸின் மகள் என்பதற்கு மேல் இவற்றுக்குப் பொருளில்லை. வெறும் இனிஷியலையே பெயராக வைத்துக் கூப்பிடுவது போன்றது இது. தந்தையின் பெயரிலிருந்து உண்டாகும் இத்தகைய பெயரைத் தந்தைவழிப் பெயர் என்பர். ஹோமர் அவர்களின் சொந்தப் பெயரைச் சொல்லவேயில்லை. ஆனால் கையெழுத்துப் படிகளின் ஓரங்களில் பழைய உரையாசிரியர்கள் எழுதிச்சேர்த்த ஓரக்குறிப்புகள், பிரிசெயிஸின் இயற்பெயர் ஹிப்போடாமியா என்றும் கிரிசெயிஸின் இயற்பெயர் அஸ்டினோமி என்றும் தெரிவிக்கின்றன.

ஹிப்போடாமியா என்றால் குதிரையை அடக்குபவள். அந்தப் பெயரில் அப்போதே ஒரு கூட்டம் இருந்தது. பீலாப்ஸ் தேர்ப்பந்தயத்தில் வென்று மணந்த இளவரசி ஒருத்தி. பிரித்தூஸின் மனைவி ஒருத்தி. டிராய்க்காரன் அல்கத்தூஸின் மனைவி ஒருத்தி. ஹோமரின் மற்றொரு காவியமான ஒடிசியில், நாயகனின் மனைவி பெனலோபியின் பணிப்பெண் ஒருத்தி. ஓரக்குறிப்பு எழுதியவர் இந்தக் கூட்டத்தில் இன்னொருத்தியைச் சேர்த்துவிட்டார். பெயரொற்றுமை பிறக்கும் தருணத்தை இவ்வளவு தெளிவாக வேறெங்கும் காண்பது அரிது.

பெயர்களின் அமைப்பும் இதற்கு உடந்தையாக இருந்தது. கிரேக்கப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஆக்கப்பட்டவை: குதிரை, புகழ், பரந்த, வலிமை, நீதி, தந்தை போன்ற உயர்குடிச் சொற்கள் மீண்டும் மீண்டும் வெவ்வேறு சேர்க்கைகளில் வரும். டானாஸ் அரசனுக்கு ஐம்பது மகள்கள் என்பது கதை; ஐம்பது பெயரையும் சொல்லியாக வேண்டிய கட்டாயத்தில் அப்பொல்லோடோரஸ் ஒரு பட்டியல் தருகிறார். அந்த ஒரே பட்டியலில், உடன்பிறந்த அக்கா தங்கைகளுக்குள்ளேயே, ஹிப்போடாமியா இருமுறையும் கிளியோபாட்ரா இருமுறையும் வருகின்றன. ஒரு வீட்டில் இரண்டு மகள்களுக்கு ஒரே பெயர் வைத்த தகப்பனை எங்கே கண்டோம்? வேறொரு தொகுப்பாளரான ஹைகினஸ் தரும் பட்டியலோ பெரிதும் வேறுபடுகிறது. ஐம்பது என்ற எண்தான் கதைக்குத் தேவைப்பட்டது, பெயர்கள் அதை நிரப்ப வந்தவை என்பது என் கருத்து.

கிளியோபாட்ரா என்றதும் எகிப்திய அரசி நினைவுக்கு வருவார். ஆயினும் அது ‘தந்தையின் புகழ்’ என்று பொருள்படும் முழுக் கிரேக்கப் பெயர்; இலியடில் மெலியாகரின் மனைவி இப்பெயரோடு வருகிறாள். மக்கெதோனிய அரசகுடும்பத்தில் இரண்டாம் பிலிப்பின் கடைசி மனைவியும் அவர் மகளும் கிளியோபாட்ராக்கள். பிலிப்பின் தாய் யூரிடிசி. ஆகவே தொன்மப் பெயர்கள் கதைக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. உயிருள்ள குடும்பங்களிலும் புழங்கின.

## புகழ்பெற்ற ஒருத்தியின் நிழலில் மற்றவர்கள்

யூரிடிசி என்ற பெயரைக் கேட்டவுடன் ஆர்ஃபியஸின் மனைவியையே எல்லோரும் நினைக்கிறோம். பாம்பு தீண்டி இறந்தவள், இசையால் மீட்கப்பட்டவள், கணவன் திரும்பிப் பார்த்ததால் மீண்டும் இழக்கப்பட்டவள். ‘பரந்த நீதி’ என்று பொருள்படும் இந்தப் பெயர் அரசர் மனைவிக்கு வெகு பொருத்தம் என்பதால், அரச மனைவியர் பலர் இதைச் சூடியிருக்கிறார்கள். வீரன் பெர்சியஸைப் பெற்ற டானேயின் தாய் ஒரு யூரிடிசி. நெமியாவில் பாம்பு கடித்து இறந்த குழந்தை ஓஃபெல்டிஸின் தாய் இன்னொரு யூரிடிசி. சோஃபகிளிஸின் ‘ஆன்டிகனி’ நாடகத்தில் தீப்ஸ் அரசன் கிரியானின் மனைவியாக வருபவள் மற்றொருத்தி. அவள் பேசுவது ஒன்பதே அடிகள். மகன் இறந்த செய்தியை முழுவதும் கேட்டுவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் உள்ளே போய் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அந்த மௌனத்தைப் படித்தவருக்கு ஆர்ஃபியஸின் மனைவி நினைவுக்கு வரமாட்டாள்.

ஹோமர் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டார் என்பதற்கு ஒடிசியின் மூன்றாம் காண்டத்தில் ஒரு வரி போதும். பைலோஸ் நகரத்தில் அதன் அரசர் நெஸ்டர் வேள்வி செய்கிறார். பசுவின் மேல் கோடரி விழுந்ததும் பெண்கள் குலவையிடுகிறார்கள். அவர்கள் யாரென்றால், மகள்கள், மருமகள்கள், கூடவே ‘நெஸ்டரின் மதிப்புக்குரிய மனைவி யூரிடிசி, கிளைமெனஸின் மகள்களில் மூத்தவள்’. கணவன், பெயர், தந்தை, பிறப்பு வரிசை என்று ஒரு வரியில் முழு விலாசமும் வந்துவிடுகிறது. மறுபதிப்புகளிலும் சுருக்கங்களிலும் இந்த விலாசம் கழன்று, பெயர் மட்டும் எஞ்சும்போதுதான் நமக்குத் தொல்லை தொடங்குகிறது.

## தலைகீழ்ச் சிக்கல்: ஒரே பெண், இரண்டு பெயர்

பல பெண்களுக்கு ஒரு பெயர் என்பது பாதிக் கதை. ஒரு பெண்ணுக்குப் பல பெயர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

கொரிந்து இளவரசியை அப்பொல்லோடோரஸ் கிளாவ்கி என்கிறார். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுவதும் சுற்றி எழுதிய பாசானியஸ், கொரிந்தில் கிளாவ்கியின் ஊற்று என்று ஒன்றைக் குறிப்பிட்டு, மெடியாவின் நஞ்சுக்கு அந்த நீர் மாற்றாகும் என்று நம்பி அவள் அதில் குதித்தாள் என்ற ஊர்க்கதையையும் தருகிறார். பாறையில் குடைந்த அந்த ஊற்றின் எச்சம் பழைய கொரிந்தில் இன்றும் நிற்கிறது. ஹைகினஸின் தொகுப்பில் வேடிக்கை இன்னும் அதிகம்: ஒரு பக்கம்கூட வராத சிறு அத்தியாயத்தில் தொடக்கத்தில் கிளாவ்கி என்று மணமாகிறவள், முடிவில் கிரியூசா என்று எரிந்துபோகிறாள். இரண்டு மரபுகளையும் கையில் வைத்துக்கொண்டு எழுதியவர் தையலை மறைக்க மறந்துவிட்டார் போலும்.

ஏனியாஸின் மனைவிக்கும் இதே கதிதான். டெல்ஃபியில் இருந்த டிராய்ப் போர் ஓவியத்தை விவரிக்கும்போது பாசானியஸ், பழைய காவியங்களான ‘சிப்ரியா’வும் லெஸ்கியஸின் பாடலும் ஏனியாஸின் மனைவியை யூரிடிசி என்று சொல்வதாகக் குறிப்பிடுகிறார். வர்ஜில் அந்தப் பெயரை எடுக்கவில்லை. ஆர்ஃபியஸ் யூரிடிசியை இழந்த கதையைத் தம் ‘ஜார்ஜிக்ஸ்’ நூலின் முடிவில் அவர் முன்பே பாடியிருந்தார். அங்கே கணவன் திரும்பிப் பார்த்ததால் மனைவி போகிறாள். இங்கே கணவன் திரும்பிப் பார்க்காததால் போகிறாள். ஏனியாஸின் மனைவிக்கும் யூரிடிசி என்ற பெயரே நிலைத்திருந்தால் இந்த எதிரொலி மிகையாகப் பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றும். அது என் ஊகமே.

நெஸ்டரின் மனைவியும் அப்பொல்லோடோரஸில் அனாக்சிபியா ஆகிவிடுகிறாள். ஓஃபெல்டிஸின் தாயைச் சொல்லும்போது அவரே ‘யூரிடிசி, சிலர் சொல்வதன்படி அம்ஃபிதியா’ என்று நேர்மையாக இரண்டையும் வைக்கிறார். அந்தச் ‘சிலர் சொல்வதன்படி’ என்ற தொடர் தொகுப்பு நூல்களில் அடிக்கடி கண்ணில் படும். வாசகர் அதைத் தாண்டிப் போகக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு முறை நின்று பார்ப்போம். பெயர் ஒன்றாக இருப்பதால் ஆள் ஒன்றாகிவிடவில்லை; பெயர் இரண்டாக இருப்பதால் ஆள் இரண்டாகிவிடவும் இல்லை. எந்த நூல், யாருடைய மகள், யாருடைய மனைவி, யாருடைய தாய், எந்த ஊர் என்ற கேள்விகளைக் கேட்டு விடைகளை ஒப்பிட்டால் பெரும்பாலான சிக்கல்கள் அவிழ்ந்துவிடும்.

## சோதனை தோற்கும் இடம்

பெரும்பாலான சிக்கல்கள் என்று சொன்னதற்குக் காரணம் கிளைமெனி. ‘பேர்பெற்றவள்’ என்பது இந்தப் பெயரின் பொருள். பேர்பெற்றவள் என்ற பேர் மட்டுமே பெற்றவர்கள் இதில் அதிகம் என்பது ஒரு முரண். ஹெசியட்டின் ‘தியோகனி’யில் ஓஷியானஸின் மகள் கிளைமெனி, இயாபிட்டஸை மணந்து பிராமிதியஸைப் பெறுகிறாள். சூரியனின் தேரை ஓட்டி விழுந்த ஃபேயித்தனின் தாயும் கிளைமெனிதான். அவளும் ஓஷியானஸின் மகள், ஆனால் அவள் கணவன் எத்தியோப்பிய அரசன் மெரோப்ஸ். தந்தை ஒருவர், பெயர் ஒன்று, கணவன் வேறு, பிள்ளை வேறு, நூல் வேறு. கூடைக்குள் இருக்கும் பொருள்களில் பாதி பொருந்துகின்றன, பாதி பொருந்தவில்லை. இவளை ஒருத்தியாக எண்ணுவதா இருவராக எண்ணுவதா என்பதைவிட, ஹெசியட்டின் கிளைமெனி, ஃபேயித்தனின் தாய் கிளைமெனி என்று நூலையோ பிள்ளையையோ சேர்த்து எழுதுவதே பிழையில்லாத வழி.

இலியடிலும் இருவர் உண்டு. பதினெட்டாம் காண்டத்தில், இறந்த நண்பன் பட்ராக்ளஸுக்காக அழும் அக்கிலிஸின் குரல் கேட்டுக் கடலடியில் திரளும் கடற்பெண்களின் நீண்ட பட்டியலில் ஒரு கிளைமெனி இருக்கிறாள். மூன்றாம் காண்டத்தில் ஹெலன் வெண்ணிறத் துணியால் முகத்தை மறைத்துக்கொண்டு, கோட்டை மதிலை நோக்கி வீட்டைவிட்டு இறங்குகிறாள். பின்னால் இரண்டு பணிப்பெண்கள் போகிறார்கள். ஒருத்தி ‘பித்தியஸின் மகள் ஈத்ரா’. மற்றவளுக்குத் தந்தை பெயர் இல்லை, ஊர் இல்லை, கணவனும் இல்லை. ‘பசுவின் கண்களையுடைய கிளைமெனி’ என்று ஓர் அடைமொழியை மட்டும் கொடுத்துவிட்டு, ஹோமர் மதில்மேல் அமர்ந்திருக்கும் கிழவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்.